இரண்டாவது பிரதி எங்கே? - புகைப்படங்களைக் காப்பாற்றிய கதைகளும் தொலைத்த கதைகளும்

1975ம் ஆண்டு டிசம்பர் மாதம். அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரத்தில் உள்ள கோடக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாஸன் என்ற இளம் பொறியாளர் ஒரு விநோதமான பெட்டியைச் செய்து முடித்திருந்தார். எடை சுமார் மூன்றரை கிலோ. அதில் பிலிம் கிடையாது. பொத்தானை அழுத்தினால் எதிரே இருக்கும் காட்சி எண்களாக மாறி, பக்கவாட்டில் செருகிய ஒரு கேசட் டேப்பில் பதிவாகும். ஒரு படம் பதிவாக 23 விநாடி. அதுவும் கறுப்பு வெள்ளை. நீளத்தில் 100 புள்ளி, அகலத்தில் 100 புள்ளி, ஆக மொத்தம் 10,000 புள்ளிகள். இன்று சாதாரண மொபைலில் இருக்கும் 12 மெகாபிக்சல் கேமரா இதைப்போல 1,200 மடங்கு புள்ளிகளை ஒரே கிளிக்கில் எடுக்கிறது.

உலகின் முதல் டிஜிட்டல் கேமரா என்று இன்று சொல்லப்படுவது இந்தப் பெட்டிதான். இதில் பலரும் கவனிக்காத ஒரு சின்ன விஷயம் உண்டு. ஒரு கேசட்டில் எத்தனை படம் வைப்பது என்ற கேள்வி வந்தது. டேப்பில் இடம் நிறையவே இருந்தது. ஆனால் சாஸன் 30 என்று வைத்தார். காரணம் தொழில்நுட்பம் இல்லை. அந்தக் காலத்தில் பிலிம் ரோல் 24 படம் அல்லது 36 படம் என்றுதான் கடையில் கிடைத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு எண் இருந்தால் பார்க்கிறவர்களுக்குப் பழகிய மாதிரி இருக்கும் என்று நினைத்தார். அவ்வளவுதான்.

அந்த 30க்குள் ஒரு பழைய பொருளாதாரமே அடங்கியிருக்கிறது. பிலிம் வாங்கக் காசு, கழுவக் காசு, பிரிண்ட் போடக் காசு. ஒவ்வொரு கிளிக்குக்கும் ஒரு விலை இருந்ததால் யோசித்துத்தான் எடுத்தார்கள். எடுத்ததை ஆல்பத்தில் ஒட்டி, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். டிஜிட்டல் வந்த பிறகு கிளிக்கின் விலை பூஜ்யம் ஆகிவிட்டது. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம், ஒரு கல்லூரிச் சுற்றுலாவுக்கு எண்ணூறு படம். எடுக்கும் செலவுதான் பூஜ்யம் ஆனது, வைத்துக் காப்பாற்றும் செலவு பூஜ்யம் ஆகவில்லை. இதை உலகம் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டது. சில பெரிய புகைப்படத் தொகுப்புகளுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் இது நன்றாக விளங்கும்.

இரண்டு டிரங்குப் பெட்டிகள்

ஓட்டோ பெட்மன் 1903ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பிறந்தவர். பெர்லினில் இருந்த அரசு கலை நூலகத்தில் அரிய புத்தகங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் யூதர் என்பதால் வேலை போனது. 1935ல் அவர் நியூயார்க் வந்து இறங்கினார். கையில் பணம் இல்லை, ஆனால் இரண்டு பெரிய டிரங்குப் பெட்டிகள் நிறைய படங்கள் இருந்தன. பழைய ஓவியங்களையும் புத்தகப் படங்களையும் லைகா கேமராவால் எடுத்த பிரதிகளே அவற்றில் பெரும்பகுதி. சுமார் 25,000 படங்கள் இருக்கும் என்று சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். மூல ஓவியங்களும் மூலப் புத்தகங்களும் ஜெர்மனியிலேயே இருந்தன. கடல் தாண்டி வந்தது பிரதிகள் மட்டுமே. ஆனால் அந்தப் பிரதிகளை வைத்து அவர் ஒரு தொழிலையே நடத்தினார். 1936ல் பெட்மன் ஆர்க்கைவ் தொடங்கப்பட்டது. பத்திரிகை, விளம்பர நிறுவனம், பாடப்புத்தகப் பதிப்பகம் என்று யார் வந்து என்ன படம் கேட்டாலும் தேடி எடுத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள்.

இங்கே முக்கியமான வார்த்தை "தேடி எடுத்து" என்பதுதான். நூலகர் அல்லவா, படங்களை அவர் புத்தகம் போலவே நடத்தினார். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அட்டை. அட்டையில் படத்தின் சின்னப் பிரதி, அது எதைப் பற்றியது என்ற தலைப்புகள். உதாரணத்துக்கு, ஒரு மருத்துவர் நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்க்கும் பழைய ஓவியம் என்று வைத்துக்கொள்வோம். அதை மருத்துவம் என்று தேடுகிறவரும் கண்டுபிடிக்க வேண்டும், உடை என்று தேடுகிறவரும் கண்டுபிடிக்க வேண்டும், நாற்காலி என்று தேடுகிறவரும் கண்டுபிடிக்க வேண்டும். இன்று நாம் டேக் என்று சொல்வது இதைத்தான்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதன் அருமை உடனே புரியும். கிடங்கில் ஒரு லட்சம் பொருள் இருக்கலாம். எது எங்கே இருக்கிறது என்ற பதிவேடு இல்லையென்றால் அது சரக்கிருப்பு இல்லை, வெறும் குவியல். விற்க முடியாத சரக்குக்கு மதிப்பு ஏது?

பெட்மன் 1981ல் தொகுப்பை விற்றார். அதன் பிறகு யூபிஐ செய்தி நிறுவனத்தின் படங்களும் சேர்ந்து, எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டியது. ஐன்ஸ்டைன் நாக்கை நீட்டும் படம், வானளாவிய கட்டடத்தின் இரும்பு உத்தரத்தில் வரிசையாக உட்கார்ந்து தொழிலாளர்கள் மதிய உணவு சாப்பிடும் 1932ம் ஆண்டுப் படம் எல்லாம் இந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை. 1995ல் பில் கேட்ஸின் கார்பிஸ் நிறுவனம் மொத்தத்தையும் வாங்கியது.

வாங்கிய பிறகுதான் தலைவலி. பழைய அசிடேட் பிலிம் தானாகவே சிதைந்துகொண்டு வரும். சிதையும்போது வினிகர் வாடை அடிக்கும், அதனால் அந்த நோய்க்கே வினிகர் நோய் என்று பெயர். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் வேகம் கூடும். நியூயார்க் நகரத்துக் கட்டடத்தில் வைத்திருந்தால் சில பத்தாண்டுகளில் பெரும்பகுதி போய்விடும் என்ற நிலை. எனவே 2001, 2002 வாக்கில் எல்லாவற்றையும் லாரிகளில் ஏற்றி பென்சில்வேனியா மாநிலத்தில் பாயர்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கம். தரைக்குக் கீழே 220 அடி. அதற்குள் ஒரு குளிர் அறை, வெப்பநிலை மைனஸ் 20 டிகிரி செல்சியஸ். இந்தக் குளிரில் பிலிம் சிதைவது ஏறக்குறைய நின்றுவிடும்.

அப்போது பலர் கோபப்பட்டார்கள். வரலாற்றையே குழி தோண்டிப் புதைக்கிறார்களே என்று விமர்சனம் வந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஏனென்றால் அதற்குள் ஸ்கேன் செய்யப்பட்டவை சுமார் 2,25,000 படங்கள்தான். மொத்தத்தில் இது 2 சதவீதம் அளவுக்குத்தான் வரும். மற்றதை யாராவது பார்க்க வேண்டும் என்றால் சுரங்கத்திலிருந்து எடுத்துவர வேண்டும். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு கோடி படங்களையும் ஸ்கேன் செய்ய ஆகும் பணமும் காலமும் யாரிடமும் இல்லை. அதற்குள் பிலிம் செத்துவிடும். எனவே முதலில் உயிரை நிறுத்தி வை, பிறகு நிதானமாகப் பிரதி எடு என்று முடிவு செய்தார்கள்.

2016ல் கார்பிஸ் தன் படத் தொகுப்புகளை ஒரு சீன நிறுவனத்துக்கு விற்றது. சீனாவுக்கு வெளியே விநியோக உரிமை கெட்டி இமேஜஸ் கைக்குப் போனது. 1936லிருந்து இத்தனை முதலாளிகள் மாறியும் தொகுப்பு சிதறாமல் இருப்பதற்கு, ஒரு நூலகர் தொடங்கிவைத்த ஒழுங்கும் ஒரு முக்கியக் காரணம்.

பத்திரமான பெட்டகம்

பெட்மன் தொகுப்பு சுரங்கத்துக்குப் போன அதே காலத்தில், நியூயார்க்கில் இன்னொரு தொகுப்புக்கு நேர்மாறான கதி ஏற்பட்டது.

ஜாக் லோ என்ற புகைப்படக்காரரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான். 1930ல் கொலோன் நகரில் பிறந்தார். போருக்குப் பிறகு அமெரிக்கா வந்தார். 1950களில் ராபர்ட் கென்னடியைப் படம் எடுக்கப் போய், அந்தக் குடும்பத்துக்கே நெருக்கமானார். 1960 தேர்தலில் ஜான் கென்னடியின் கூடவே சுற்றினார். யாரும் வராத சிற்றூர்க் கூட்டங்கள், களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் வேட்பாளர், குழந்தையோடு விளையாடும் தகப்பன் என்று அவர் எடுத்ததெல்லாம் பிறகு வரலாறு ஆனது. கென்னடி குடும்பத்தைப் பற்றி மட்டும் சுமார் 40,000 நெகட்டிவ்கள்.

நெகட்டிவ் என்பதுதான் மூலம். பிரிண்ட் எத்தனை வேண்டுமானாலும் போடலாம், நெகட்டிவ் ஒன்றே ஒன்று. இதை நன்றாகத் தெரிந்தவர் லோ. அதனால் வீட்டிலோ ஸ்டூடியோவிலோ வைக்காமல் வங்கிப் பெட்டகத்தில் வைத்தார். நெருப்பு, திருட்டு, தண்ணீர் எதற்கும் பயம் இல்லை. ஒரு தனி மனிதர் இதைவிட எச்சரிக்கையாக இருக்க முடியாது.

அந்த வங்கி இருந்தது நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் 5ம் எண் கட்டடத்தில்.

லோ 2001 மே மாதம் காலமானார். நான்கு மாதம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. அருகிலிருந்த 5ம் எண் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது. ஏறத்தாழ மூவாயிரம் பேர் இறந்த அந்த நாளில் நெகட்டிவ்களைப் பற்றி யாரும் கவலைப்பட்டிருக்க முடியாது. சில வாரங்கள் கழித்து விசாரித்தபோதுதான் தெரிந்தது, பெட்டகத்துக்குள் இருந்ததெல்லாம் சாம்பல் என்று.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. புகைப்படக்காரர்கள் பிலிம் கழுவியதும் முதலில் செய்யும் வேலை, நெகட்டிவ் துண்டுகளை ஒரு தாளின் மேல் வரிசையாக வைத்து அப்படியே ஒரு பிரிண்ட் எடுப்பது. இதற்கு காண்டாக்ட் ஷீட் என்று பெயர். முழு ரோலும் ஒரே தாளில் வந்துவிடும். ஒவ்வொரு படமும் பெரிய தபால்தலை அளவுதான் இருக்கும். எது நன்றாக வந்திருக்கிறது என்று பார்த்து, பிடித்ததைச் சுற்றி மெழுகுப் பென்சிலால் கோடு போடுவார்கள். அவ்வளவுதான் அதன் பயன். அதாவது அது ஒரு ரஃப் நோட்டு மாதிரி.

லோவின் காண்டாக்ட் ஷீட்டுகள் பெட்டகத்தில் இல்லை. அவ்வளவு மதிப்பு அவற்றுக்கு யாரும் கொடுக்கவில்லை. நகரத்தில் வேறொரு இடத்தில் இருந்தன. அதனாலேயே பிழைத்தன.

பிறகு வாஷிங்டனில் இருந்த நியூசியம் என்ற செய்தி அருங்காட்சியகம், அவருடைய மகளோடு சேர்ந்து அந்தத் தாள்களை ஸ்கேன் செய்தது. தூசி, கீறல் எல்லாவற்றையும் கணினியில் ஒவ்வொன்றாக நீக்கி, தபால்தலை அளவுப் படங்களைச் சுவரில் மாட்டும் அளவுக்கு மீட்டார்கள். 2013ல் கண்காட்சி நடந்தது. நெகட்டிவ்வில் இருந்த துல்லியம் திரும்ப வராது, 40,000 படங்களும் வராது. ஆனால் ஒன்றுமே இல்லாமல் போவதற்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

லோ செய்த தவறு கவனக்குறைவு இல்லை. அவர் பூட்டை நம்பினார். பூட்டு எவ்வளவு கெட்டியானாலும் அது ஒரே இடத்தில்தான் இருக்கும். மிகச் சிறந்த பெட்டகத்தில் இருந்த மூலம் அழிந்தது, யாரும் பொருட்படுத்தாத சாதாரணப் பிரதி வேறு இடத்தில் இருந்ததால் பிழைத்தது.

பர்கர் கடையில் நிலா

சரி, பிரதி இருக்கிறது, பத்திரமாகவும் இருக்கிறது. அது மட்டும் போதுமா? போதாது என்பதற்கு நாசா ஒரு உதாரணம்.

1966 ஆகஸ்டிலிருந்து 1967 ஆகஸ்ட் வரை நாசா ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை நிலவுக்கு அனுப்பியது. மனிதர்கள் இறங்க நல்ல இடம் பார்ப்பதுதான் அவற்றின் முக்கிய வேலை. விண்கலத்துக்குள்ளேயே பிலிமில் படம் எடுத்து, அங்கேயே கழுவி, அங்கேயே ஸ்கேன் செய்து, வானொலி அலையாகப் பூமிக்கு அனுப்பின. பூமியில் அந்த அலைகளை இரண்டு அங்குல அகலமுள்ள காந்த நாடாக்களில் பதிவு செய்தார்கள். 1966 ஆகஸ்ட் 23 அன்று, நிலவின் விளிம்புக்கு மேல் பூமி தெரியும் முதல் படமும் இப்படித்தான் வந்தது.

அன்றைய தேவைக்கு, நாடாவில் இருந்ததைத் திரையில் ஓட்டி, அதைத் திரும்பப் படம் பிடித்து அச்சிட்டார்கள். கோடு கோடாக, தரம் குறைந்த படங்கள். நல்ல தரம் நாடாவிலேயே தங்கிவிட்டது. பிறகு மனிதனே நிலவில் இறங்கிவிட்டான், நாடாக்களை யார் கேட்பார்கள்?

1980களில் அவற்றை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்ற கேள்வி நான்சி எவன்ஸ் என்ற நாசா அதிகாரியிடம் வந்தது. அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. நாடாக்கள் தப்பின. ஆனால் அவற்றைப் படிக்க வேண்டுமே! ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற இயந்திரம் இல்லாமல் அவற்றைப் படிக்க முடியாது. ஒவ்வொன்றும் பெரிய பிரிட்ஜ் மாதிரி இருக்கும். உற்பத்தி எப்போதோ நின்றுவிட்டது. அமெரிக்க விமானப்படை கழித்துப்போட்டவற்றில் சிலவற்றை நான்சி எவன்ஸ் தேடிப் பிடித்து, தன் வீட்டு கராஜில் வைத்தார். நிதி கேட்டார், கிடைக்கவில்லை. சுமார் இருபது ஆண்டுகள் அந்த இயந்திரங்கள் அங்கேயே கிடந்தன.

2007ல் இந்தச் செய்தி டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் என்ற இருவருக்கு எட்டியது. நாடாக்களும் இயந்திரங்களும் கலிபோர்னியாவில் உள்ள நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்துக்கு வந்தன. அவர்களுக்குக் கிடைத்த இடம், அந்த வளாகத்தில் மூடிக்கிடந்த மெக்டொனால்ட்ஸ் கடை! அதற்கு மெக்மூன்ஸ் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ஓய்வு பெற்ற பழைய ஆட்களின் உதவியோடு, உதிரி பாகங்களைத் தேடி ஒரு இயந்திரத்தை ஓட வைத்தார்கள். 2008 நவம்பரில் அந்த 1966ம் ஆண்டுப் படம் மீண்டும் வெளியானது. 42 ஆண்டுகளுக்கு முன் அச்சான படத்தோடு ஒப்பிட்டால் வேறொரு கேமராவில் எடுத்த மாதிரி இருந்தது.

இதே பிரச்சினை இன்று ஒவ்வொரு வீட்டிலும் சிறிய அளவில் இருக்கிறது. 2003ல் யாரோ ஒரு அண்ணன் சிடியில் எழுதிக் கொடுத்த கல்யாணப் படங்கள் அலமாரியில் இருக்கும். சிடி டிரைவ் உள்ள லேப்டாப் வீட்டில் இருக்காது. படம் அழியவில்லை. ஆனால் அது இருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

டேப் ஓடிக்கொண்டுதான் இருந்தது

நாசாவில் இயந்திரம் இல்லாததால் படிக்க முடியவில்லை. இயந்திரமும் இருந்து, பேக்கப்பும் தினமும் ஓடி, கடைசியில் ஒன்றும் இல்லாமல் போன கதையும் உண்டு. இது கேமராவில் எடுத்த படம் இல்லை, கணினியிலேயே வரைந்த படம். ஆனால் பாடம் ஒன்றுதான்.

1998ல் பிக்சார் நிறுவனம் டாய் ஸ்டோரி 2 படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் யாரோ தவறான இடத்தில் ஒரு அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட, கண்ணெதிரே கோப்புகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. அவசரமாக சர்வரை அணைத்தார்கள். பயம் எதற்கு, பேக்கப் டேப் இருக்கிறதே என்று அதை எடுத்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, டேப் பேக்கப் வாரக்கணக்கில் சரியாக வேலை செய்யவில்லை என்று. யாரும் திரும்ப எடுத்துப் பரிசோதித்ததில்லை.

அவர்களைக் காப்பாற்றியது ஒரு தாய். கேலின் சூஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்து வந்தார். அதற்காக அவர் வீட்டுக் கணினியில் படத்தின் பிரதி இருந்தது. அந்தக் கணினியைப் போர்வைகளில் சுற்றி, கைக்குழந்தையைப் போலக் காரில் வைத்து அலுவலகம் கொண்டுவந்தார்கள். இங்கேயும் காப்பாற்றியது திட்டமிட்ட பாதுகாப்பு இல்லை, வேறொரு காரணத்துக்காக வேறொரு இடத்தில் இருந்த பிரதி.

மூன்று, இரண்டு, ஒன்று

இப்படி அதிர்ஷ்டத்தை நம்பிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? 2005ல் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் டிஜிட்டல் படங்களை நிர்வகிப்பது பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இன்று கணினித் துறை முழுவதும் சொல்லும் 3-2-1 என்ற சூத்திரத்தைப் பிரபலமாக்கியவர் அவர்தான். மூன்று பிரதிகள் வேண்டும். அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். அதில் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்க வேண்டும்.

மேலே சொன்ன கதைகளோடு இதை வைத்துப் பார்த்தால் எதுவும் புதிதில்லை. லோவுக்குத் தேவைப்பட்டது அந்த "வேறு கட்டடம்". நாசாவுக்குத் தேவைப்பட்டது "வேறு வகைச் சாதனம்". பிக்சாருக்குத் தேவைப்பட்டது, சூத்திரத்தில் இல்லாத ஒன்று - எடுத்த பிரதி திறக்கிறதா என்று பார்க்கும் பழக்கம்.

இதெல்லாம் எதற்கு, இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா என்று கேட்கலாம். வரலாறு அங்கேயும் கொஞ்சம் எச்சரிக்கிறது.

முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்த அதே கோடக், 2001ல் ஒரு இணையப் புகைப்படச் சேவையை வாங்கி நடத்தியது. குறிப்பிட்ட தொகைக்காவது ஏதாவது வாங்காதவர்களின் படங்கள் நீக்கப்படும் என்று 2009ல் அறிவித்தது. 2012ல் கோடக் திவால் பாதுகாப்புக்குப் போனது, அந்தச் சேவையும் அதே ஆண்டு ஜூலையில் மூடப்பட்டது. 2004ல் தொடங்கிய ஃப்ளிக்கர், கை மாறிய பிறகு, இலவசக் கணக்குக்கு 1,000 படம்தான் என்று 2018ல் வரம்பு வைத்தது. 2015ல் எத்தனை படம் வேண்டுமானாலும் இலவசம் என்று வந்த கூகுள் போட்டோஸ், 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களை 15 ஜிபி கணக்கில் சேர்க்கத் தொடங்கியது. 2019ல் மைஸ்பேஸ், சர்வர் மாற்றும்போது பல ஆண்டுப் படங்களும் பாடல்களும் தொலைந்துவிட்டன என்று ஒப்புக்கொண்டது.

இதில் யாரையும் வில்லனாகப் பார்க்க வேண்டியதில்லை. மின்சாரம், கட்டடம், சம்பளம் எல்லாம் யாரோ கொடுக்கத்தான் வேண்டும். இலவசம் என்பது ஒரு விலை, அந்த விலை மாறும். இணையத்தில் வைப்பது ஒரு பிரதியாக மிக நல்லது. ஒரே பிரதியாக என்றால் அதுவும் லோவின் பெட்டகம்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. மொபைலும் இணையக் கணக்கும் ஒன்றோடொன்று இணைந்திருந்தால் அது பேக்கப் என்று பலர் நினைக்கிறார்கள். அது கண்ணாடி மாதிரி. இங்கே ஒரு படத்தை அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். குப்பைத் தொட்டியில் சில வாரம் இருக்கும், பிறகு போய்விடும். பேக்கப் என்பது, இங்கே தவறு நடந்தாலும் அங்கே அது நடக்காமல் இருப்பது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால்

ஒரு மொபைல் படம் சராசரியாக 4 எம்பி என்று வைத்துக்கொண்டால், 20,000 படம் என்பது 80 ஜிபி. சின்ன ஹார்ட் டிஸ்க்கிலேயே அடங்கிவிடும். இடம் பிரச்சினையே இல்லை. பிறகு ஏன் தொலைகிறது? யாரும் அதைச் சொத்தாக நினைப்பதில்லை, அதனால்.

கணக்குப் பதிவியலில் ஒரு சொத்து இருந்தால் மூன்று வேலை உண்டு. பதிவேட்டில் எழுத வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை நேரில் சரிபார்க்க வேண்டும், தேய்மானம் போட வேண்டும். 2013ம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம், சாதாரணக் கணினிக்கு 3 ஆண்டு, சர்வருக்கு 6 ஆண்டு என்று பயன்பாட்டுக் காலம் வைக்கிறது. ஒரு கம்பெனி தன் ஹார்ட் டிஸ்க்கை மூன்று ஆண்டில் கணக்கிலிருந்து கழித்துவிடுகிறது. வீட்டிலோ பத்து ஆண்டுப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் தாத்தாவின் கடைசிப் படம் இருக்கிறது. டிஸ்க்குக்குத் தேய்மானம் உண்டு, படத்துக்கு இல்லை. எனவே டிஸ்க் பழசானால் படத்தைப் புதிய டிஸ்க்குக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பதிவேடு என்பது பெட்மன் செய்த வேலை. ஆண்டு, நிகழ்ச்சி என்று ஒரு போல்டர் பெயர், முக்கியமான படங்களில் இருப்பவர் யார் என்று ஒரு வரி. ஆண்டு, தேதி, சில சமயம் இடம் கூட மொபைலே எழுதிவிடும். ஆனால் மஞ்சள் புடவையில் நிற்பது பாட்டியின் தங்கை என்பதை மொபைல் தானாக எழுதாது. அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதினால்தான் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்கு எந்த ஹார்ட் டிஸ்க்கிலும் பேக்கப் கிடையாது.

20,000 படத்துக்கும் இதைச் செய்ய யாராலும் முடியாது. கார்பிஸாலேயே ஒரு கோடியில் 2 சதவீதம்தான் முடிந்தது. ஆனால் சாஸனின் அந்தப் பழைய கேசட் ஒரு வழி காட்டுகிறது. ஒரு ஆண்டின் ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து 30 மட்டும் எடுத்து, பெயர் எழுதி, பிரிண்ட் போட்டு, ஒரு பிரதியை ஊரில் இருக்கும் அத்தை வீட்டில் வைக்கலாம். மற்றவை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கட்டும். ஒன்று வீட்டில், ஒன்று வேறு வீட்டில். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது இரண்டையும் திறந்து பார்த்து, புதிய படங்களைச் சேர்த்துவிட்டு வந்தால் அந்த ஆண்டுக் கணக்கு முடிந்தது.